சத்தத்துக்கு இரண்டு புள்ளி

உங்கள் கையில் இருக்கும் முன்பள்ளி மதிப்பீட்டுப் படிவத்தில் ஒன்பதாவது வரியைப் பாருங்கள். ‘பிள்ளைகளின் குரல் – பத்துப் புள்ளி’ என்று இருக்கும். முன்பு அதே இடத்தில் ‘பிள்ளைகளின் சத்தம்’ என்று இருந்தது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தது நான்தான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் பயிற்சியில் என் பெயரைச் சொல்லி உங்களுக்குப் பாடம் எடுக்கிறார்களாம். போன மாதம் உங்களில் ஒரு தங்கச்சி மாத்தளை பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், நீங்கதானே அந்தக் குரல் மிஸ்?” என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்து பஸ் ஏறிவிட்டேன். வீடு போய்ச் சேரும்வரை முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எனக்கு இடமாற்றமும் தர முடியாது, விளக்கம் கேட்டுக் கடிதமும் அனுப்ப முடியாது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், நீங்கள் கேட்ட கதை பாதிக் கதைதான். மீதிப் பாதி எனக்கு வெட்கம் தருவது. ஆனால் உங்கள் வேலைக்கு அந்தப் பாதிதான் உதவும்.

உத்தியோகத்தர் ஆவதற்கு முன்னால் நான் பதினொரு வருடம் நேசரி டீச்சராக இருந்தேன். பலாபத்வலையில் பெரிய வீதியை விட்டு மேலே ஏறினால் மிளகுக் கொடிகளுக்கு நடுவில் பிரதேச சபையின் முன்பள்ளி ஒன்று இருக்கிறது. மேல் நேசரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவுக் கடை கைவிட்ட பழைய களஞ்சிய அறையில், அரிசி மூட்டை வாசம் போவதற்கு முன்பே, அதைத் தொடங்கியது நான். சுவரில் யானையும் மயிலும் வரைந்தது நான். குட்டிக் கதிரைகளுக்கு என் புருஷனைப் பிடித்து நிறம் அடிக்க வைத்ததும் நான். இந்த ‘நான், நான்’ உங்கள் காதில் விழுகிறதல்லவா? நோய் அங்கேயே தொடங்கிவிட்டது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ உத்தியோகத்தர் பதவி கிடைத்ததும் நேசரிச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டி வந்தது. மாத்தளை டவுனில் இருந்து பரீனா டீச்சர் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர், கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசிக்கிறவர். சாவியைக் கொடுக்கும்போது என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். இவர் ஒரு பள்ளித் தவணைகூடத் தாங்கமாட்டார், பிள்ளைகள் என்னைக் கேட்டு அழும், அம்மாமார் என்னைத் தேடி ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். அதை ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

ஒரு பிள்ளையும் அழவில்லை. பத்து நாள் கழித்து, சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்ற பாவனையில் எட்டிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மண்ணில் விளையாடப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். நெஞ்சு குளிர்ந்தது. அவள் என் கைப்பையில் தொங்கிய குட்டிப் பொம்மையைப் பார்க்கத்தான் வந்தாள். பார்த்து முடிந்ததும் போய்விட்டாள்.

அதோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். தர்ஷி விஷயம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

தர்ஷி என் கடைசி வருடத்து வகுப்பில் சேர்ந்த பிள்ளை. வீட்டில் நன்றாகப் பேசுவாளாம், நேசரி வாசலுக்கு வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு வருடம் முழுக்க அவளிடம் ஒரு சொல் கேட்க நான் படாத பாடு பட்டேன். பாட்டுப் பாடினேன். திரிபோஷ சத்துமாவில் உருண்டை பிடித்துக் கொடுத்து, “இனிப்பா இருக்கா?” என்று கேட்டேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் பொறுமை இழந்து, “பேசினாத்தான் வீட்டுக்கு விடுவேன்” என்று மிரட்டவும் செய்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. கடைசியில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் போன மூன்றாவது வாரம் பரீனா டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மிஸ், தர்ஷி பேசிட்டா.”

“என்ன பேசினா?”

“ஒரு பையன் அவட கதிரைல உக்காந்துட்டான். ‘தள்ளு, இது என் கதிர’ன்னு சொன்னா. அவ்வளவுதான் மிஸ். நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

“நீங்க என்ன செஞ்சீங்க, எப்படிப் பேச வச்சீங்க?”

அவர் வழக்கம்போல யோசித்தார். “ஒண்டும் செய்யல மிஸ். அவ பேசணும்னு நான் கேக்கல. அதுதான்.”

‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. நானும் சந்தோஷம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. ஒரு வருடம் நான் தலைகீழாக நின்றும் கிடைக்காதது, ஒன்றுமே செய்யாத ஒருத்திக்கு மூன்று வாரத்தில் கிடைத்துவிட்டது. எதையாவது செய்து பேச வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஆறுதல் அடைந்திருப்பேன். ஒன்றும் செய்யவில்லை என்றால் நான் எதைக் கற்பது?

இந்த எரிச்சலோடுதான் நான் பள்ளிகளை ஒப்பிடும் வேலைக்குள் நுழைந்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களப் பெண்மணி, நாங்கள் மெடம் என்போம். முன்பள்ளி பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். முதல் மாதம் யட்டவத்தைப் பக்கம் ஒரு முன்பள்ளிக்கு நான் விளையாட்டுப் பொருளுக்கு முழுப் புள்ளி போட்டுக்கொண்டு வந்தேன். அலுமாரி நிறையப் புத்தம்புதுப் பொம்மைகள், கட்டைகள், கரடிகள். மெடம் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கரடிக்கு ஒரு காதாவது கிழிந்திருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் அதை ஒரு பிள்ளையும் தொட்டதில்லை” என்றார். மறுபடி போய் விசாரித்தேன். அலுமாரிச் சாவி நாங்கள் வரும் நாளில் மட்டும்தான் வெளியே வருமாம். அழுக்கான பொம்மை இருக்கும் பள்ளியைத் தேடுங்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்களே, அது அந்தக் கரடியில் இருந்து வந்தது.

அந்த வருடம் புதிய படிவம் வந்தபோது, பிரதேச சபையின் முன்பள்ளி டீச்சர்மார் எல்லோரையும் மாத்தளைக்கு அழைத்து ஒரு நாள் அறிமுகம் நடத்தினார்கள். மெடம் சிங்களத்தில் விளக்கினார், தமிழ் டீச்சர்மாருக்கு நான் தமிழில் சொன்னேன். ஒன்பதாவது வரி வந்தது. சிங்களத்தில் அது ‘பிள்ளைகளின் ஹண்ட’. ஹண்ட என்றால் ஓசையும்தான், குரலும்தான். மெடம் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. “வாசலுக்கு வெளியே பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே டீச்சரின் பேச்சு கேட்கிறதா, பிள்ளைகளின் பேச்சு கேட்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பேசினால் புள்ளி கொடுங்கள்” என்றார். நான் அதை, “பிள்ளைகளோட குரல்” என்று வாயாரச் சொன்னேன். டீச்சர்மார் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை கழித்துத் தமிழ்ப் படிவம் அச்சாகி வந்தது. யாரோ ஒருவர் ‘ஹண்ட’வைப் பார்த்துச் ‘சத்தம்’ என்று எழுதிவிட்டார். நம் பேச்சில் பிள்ளைகளின் சத்தம் என்றால் என்ன அர்த்தம்? காதைப் பொத்திக்கொள்ளும் அர்த்தம்தானே. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெடத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கிழமை வேலை அதிகம், பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அந்த நேரத்தில் அதில் கெட்ட எண்ணம் இல்லை. அதை மட்டும் நீங்கள் நம்பலாம்.

அப்போதுதான் பிரதேச சபையில் இருந்து கடிதம் வந்தது. மேல் நேசரிக்குக் கீழே, பெரிய வீதி ஓரமாக, சபைக்கு இன்னொரு முன்பள்ளி இருந்தது. நடந்து போகும் தூரம்தான். இரண்டிலும் பிள்ளைகள் குறைவு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடலாம், பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தார்கள். எங்கள் பிரதேசத்தில் தமிழில் பார்வையிட இருந்தது நான் ஒருத்திதான். நான் தொடங்கி, நான் நடத்தி, நான் கைமாற்றிக் கொடுத்த பள்ளிக்கு நானே புள்ளி போட வேண்டும். “எனக்கு வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள்” என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு சின்னக் குதூகலம் இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

முதலில் கீழே போனேன். டைல் பதித்த தரை, புது மதில், வரிசையாகத் தொங்கும் தண்ணீர்ப் போத்தல்கள். டீச்சர் வயதானவர், கண்டிப்பானவர், நல்ல மனுஷி. பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஒரே குரலில் வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி விரலை வாய்க்குக் கொண்டுபோனார்கள். இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைகூட நான் கேளாமல் பேசவில்லை.

பிறகு மேலே ஏறினேன். வீதியில் இருந்து ஏறத் தொடங்கும்போதே கூச்சல் கேட்டது. வாசலுக்கு வெளியே நின்றேன், மெடம் சொன்ன மாதிரி.

உள்ளே பஸ் ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக் கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கி, முன்னால் ஒருவன் தட்டு ஒன்றைச் சுழற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி கோழியோடு ஏறியிருந்தாள், கோழி ஒரு தலையணை. வயதான ஆச்சிக்கு இடம் கொடு என்று இரண்டு பேர் சண்டை. ஒருவனுக்கு வாந்தி வருகிறதாம், யன்னல் பக்கம் வேண்டுமாம். இத்தனைக்கும் மேலாக நடத்துனரின் தொண்டை கிழிகிற சத்தம்.

“தம்புள்ள, நாலந்த, பலாபத்வல, மாத்தள! ஏறுங்க ஏறுங்க. இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன. உள்ளுக்கு எடம் இருக்கு, ஏன் வாசல்ல நிக்கிறீங்க?”

நம் ஏ9 வீதி பஸ் நடத்துனர்கள் பாதி தமிழும் பாதி சிங்களமுமாக, முன்னால் போங்கள் என்று கத்துவது அப்படியே இருந்தது. எட்டிப் பார்த்தேன். காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிய நடத்துனர் தர்ஷி.

ஒரு வருடம் நான் யாசித்த குரல். அவ்வளவு பெரிய குரல் என்று நான் நினைத்தே இருக்கவில்லை. பரீனா டீச்சர் கடைசி ஆசனத்தில், முழங்கால் மடங்கிக் குறுகிப்போய், பயணச்சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும், அப்படித்தானே இந்த இடத்தில் எல்லோரும் எழுதுவார்கள். எனக்குக் கலங்கவில்லை. அந்தக் கடைசி ஆசனத்தில் இருந்து அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும் போல இருந்தது. முடியாதென்றால் அந்த பஸ்ஸே ஓடக்கூடாது என்று இருந்தது.

உள்ளே போனேன். தர்ஷி என்னைக் கண்டாள். பென்சிலைக் காதில் இருந்து எடுத்தாள். வாய் மூடிக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளையாக அமைதியானார்கள். கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிவிட்டு வெளியே வந்தேன். நான் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் பஸ் மறுபடி கிளம்பிவிட்டது.

அங்கேயே மதிலில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். மற்ற எல்லா வரிகளுக்கும் நியாயமாகவே போட்டேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். ஒன்பதாவது வரியில் ‘பிள்ளைகளின் சத்தம்’. கீழ் நேசரிக்கு ஒன்பது போட்டிருந்தேன். இங்கே இரண்டு போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில், ‘வீதி வரை இரைச்சல் கேட்கிறது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் கீழ் நேசரி நான்கு புள்ளியால் முன்னால் நின்றது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மேல் நேசரிதான் முன்னால். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மடித்து உறையில் போட்டேன்.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிழையாகப் புள்ளி போடுகிறவர் பொய் எழுதுவார் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. சத்தம் இருந்தது, வீதி வரை கேட்டது. படிவத்தில் இருக்கும் சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் மனதுக்குப் பிடித்தமான விடை படிவத்தின் சொல்லுக்கும் சரியாகப் பொருந்தி வந்தால், அன்றைக்குப் பேனாவை மூடி வையுங்கள். மறுநாள் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உறையை அனுப்பிய பிறகு பரீனா டீச்சர் ஒரு தரம் கூப்பிட்டு, “எல்லாம் சரியா வந்துச்சா மிஸ்?” என்று கேட்டார். “பாப்போம்” என்றேன். எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. மேல் நேசரி மூடப்படும் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள் பலாபத்வலைச் சந்தியில் தர்ஷியின் அம்மா என்னை மறித்தார். மிளகு பறிக்கப் போகிறவர், வேலை முடித்துச் சாக்கும் கையுமாக நின்றார்.

“மிஸ், நேசரிய மூடப் போறாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?”

“இன்னும் முடிவு பண்ணலம்மா.”

“கீழ இருக்கிற நேசரில சேத்தா இவ பேசுவாளா மிஸ்? அங்க புள்ளைங்கள வாயில வெரல வச்சு உக்கார வைப்பாங்களாமே. இவ பழையபடி ஆயிருவாளோன்னு பயமா இருக்கு. நீங்கதானே இவள நல்லாத் தெரிஞ்சவங்க, அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்.”

“பேசுவா, பேசுவா” என்றேன். என் பஸ் வருவது போலப் பாவனை செய்து தள்ளிப் போய் நின்றேன்.

அந்த அம்மா நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னும் இறுகிப் போயிருப்பேன். நீங்கள்தான் இவளை நன்றாகத் தெரிந்தவர் என்று சொன்னாரே, அதுதான் குத்தியது. நான் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள். அவளுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியாது, தெரிந்த ஒருத்தியைத்தான் நான் இப்போது எழுப்பிவிடப் பார்க்கிறேன். இதெல்லாம் அன்றைக்குப் புரிந்தது. புரிந்தும் மெடத்துக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. கூட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று இருந்தேன்.

கூட்டம் பிரதேச சபை மண்டபத்தில் நடந்தது. சபைக்காரர்கள் இரண்டு பேர், மெடம், நான். மெடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சிங்களப் படிவத்தைத் தன் முன்னால் விரித்துக்கொண்டு, “நீங்கள் ஒவ்வொரு வரியாக வாசியுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்” என்றார். ஆக, என் புள்ளிகளை நானே என் வாயால் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எட்டாவது வரி வரை சிக்கல் இல்லை. ஒன்பதாவது வந்தது.

“ஹண்ட” என்றேன். “கீழ் நேசரிக்கு ஒன்பது. மேல் நேசரிக்கு இரண்டு.”

மெடத்தின் பேனா நின்றது. “மாறிச் சொல்கிறீர்களா? போன மாதம் நான் அந்த ஏற்றத்தில் போனேன். மேல் நேசரிப் பிள்ளைகளின் பேச்சு வீதிக்கே கேட்டது. கீழே ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. இரண்டுதான் என்று பிடிவாதமாக நிற்கலாம், பள்ளி மூடும். எனக்கு அந்த டீச்சரைக் கண்டால் ஆகாது, அதனால் போட்டேன் என்று உண்மையைச் சொல்லலாம், என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. மூன்றாவது வழியில் பள்ளியும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாக அந்தப் பக்கம் போனது.

“மெடம், தமிழ்ப் படிவத்தில் சத்தம் என்று அச்சாகியிருக்கிறது. தமிழில் அதற்கு இரைச்சல் என்றுதான் அர்த்தம் வரும். இரைச்சல் குறைந்த பள்ளிக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று இன்று உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர நினைத்தேன்.”

மெடம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு பாராட்டுச் சிரிப்பை அதற்கு முன் அவர் எனக்குத் தந்ததில்லை. “பாருங்கள், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தால் இப்படித்தான்” என்று சபைக்காரர்களிடம் சொன்னார். அங்கேயே புள்ளியை மாற்றினோம். மேல் நேசரிக்கு ஒன்பது, கீழ் நேசரிக்கு மூன்று. மேல் நேசரி பிழைத்தது. கீழ் நேசரிப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் மேலே வந்து சேர்ந்தார்கள். அந்த டீச்சர் முதல் கிழமை காதில் பஞ்சு வைத்துக்கொண்டார் என்று கேள்வி.

படிவம் திருத்தி அச்சிடப்பட்டது. வருட முடிவில் என்னை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் தந்தார்கள். நீங்கள் பயிற்சியில் கேட்பது இது வரைக்கும்தான்.

சான்றிதழ் கிடைப்பதற்கு முன்பே, கூட்டம் முடிந்த அடுத்த கிழமை, பரீனா டீச்சர் செயலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். ஆட்கள் போகும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு உள்ளே வந்தார்.

“மிஸ், ஒங்களுக்கு நன்றி சொல்லணும். பள்ளி தப்பிடுச்சு.”

“அது என் கடமை டீச்சர்” என்றேன். மேடைக்கு ஒத்திகை பார்ப்பவள் மாதிரி இருந்திருப்பேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “அண்டைக்கு மாத்தளைல மெடம் சொன்னத எங்களுக்குத் தமிழ்ல சொன்னது நீங்கதானே மிஸ். குரல்னுதான் சொன்னீங்க. நான் அத எழுதி வச்சிக்கிட்டுத்தான் பஸ் வெளையாட்டெல்லாம் தொடங்கினேன்.”

நான் மேசையில் இருந்த கோப்புகளை நேராக்கினேன்.

“நான் யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஒண்டே ஒண்டு மட்டும் கேக்கணும்.”

“கேளுங்க.”

“இனி எங்கட நேசரிக்கு வேற யாராச்சும் பார்க்க வரட்டும். நீங்க உள்ளுக்கு வந்தா தர்ஷி வாய மூடிக்கிறா மிஸ். அவ மூடினா மத்தப் புள்ளைகளும் மூடிக்கிறாங்க. நீங்க போன பொறகு பஸ் ஓடினாலும், தர்ஷி திரும்பப் பேச நேரம் எடுக்குது.”

கோபம் ஒரு துளியும் இல்லாமல், மழை வந்தால் கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் தொடங்கிய பள்ளி, என் யானை, என் மயில் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். என்னுடைய இவ்வளவு பெரிய குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன விஷயம் கேட்க, அவர் இடத்தில் இருந்தால் என்னால் முடிந்திருக்குமா என்று நினைத்தேன். முடிந்திருக்காது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. வெட்கம் வர இன்னும் சில நாள் பிடித்தது.

வெட்கம் வந்த அன்றைக்கு மெடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேல் நேசரியைப் பக்கத்துப் பிரதேசத்து உத்தியோகத்தர் பார்வையிடட்டும், அவருடைய பள்ளி ஒன்றை நான் பார்க்கிறேன் என்று கேட்டேன். மெடம் கையெழுத்து வைத்துக்கொண்டே, “இப்படி நேர்மையாக யோசிக்கிறவர்கள் குறைவு” என்றார். அதற்கும் நன்றி என்றேன். ஓய்வு பெறும்வரை அந்த ஏற்றத்தில் நான் ஏறவில்லை. பிறகு அதையே பொது விதியாக்கிவிட்டார்கள். தான் கற்பித்த பள்ளிக்குத் தான் புள்ளி போடக்கூடாது என்ற விதியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அந்தக் கடிதம் இன்னும் கோப்பில்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். காரணம் என்ற இடத்தில் ‘முன்னர் அங்கு கற்பித்தமை’ என்று எழுதியிருக்கிறேன். அதை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘பொறாமை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான், மாற்ற வேண்டியதில்லை.